ஆங்கிலச் செய்தி பிடிபடாமல் நிற்கிறதா? வினைக்குப் பின்னால் பாருங்கள்

ஆங்கில நாளிதழ் படிக்கப் பழகுகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிகிறது, வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை என்பார்கள். அகராதியைப் புரட்டினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் சொற்பொருளில் இருப்பதில்லை. வினைக்குப் பின்னால் வந்து நிற்பவை என்ன வேலை செய்கின்றன என்பதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வினையும் தனக்கென்று சில இடங்களைக் கேட்கும். அந்த இடங்களில் வந்து அமர்பவற்றை இந்தக் கட்டுரையில் நிரப்பி என்கிறேன். பள்ளியில் படித்த செயப்படுபொருளும் அதில் அடக்கம். அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவி விலகல் பற்றி 1974 ஆகஸ்ட் 9 அன்று வாஷிங்டன் போஸ்ட் போட்ட தலைப்பு "நிக்சன் ரிசைன்ஸ்". எழுவாயும் வினையும் மட்டும்தான்; வினை வேறெதையும் கேட்கவில்லை. 1948 நவம்பர் 3 அன்று சிகாகோ டிரிபியூன் "டூவி டிஃபீட்ஸ் ட்ரூமன்" என்று போட்டது. அந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் உண்மையில் ஜெயித்தவர் ட்ரூமன், ஆகவே செய்தி தப்பு. இலக்கணம் சரிதான். டிஃபீட் என்று சொன்னால் தோற்றவர் யார் என்று சொல்லியாக வேண்டும், அது செயப்படுபொருள் குன்றா வினை. "ஜூரி ஃபைண்ட்ஸ் டாக்டர் கில்டி" என்ற தலைப்பில் ஃபைண்ட் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது: யாரை, எப்படிப்பட்டவர் என்று. சில வினைகள் ஒரு முழு வாக்கியத்தையே உள்ளே இழுத்துக்கொள்ளும். செய்தித்தாளில் அதிகம் வருவது இந்தக் கடைசி வகைதான், சிக்கலும் அங்கேதான் அதிகம்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. உங்களுக்கு எது நேர்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். போகும் முன் மூன்று சோதனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா இடத்திலும் இவைதான் பயன்படப்போகின்றன.

நீக்கிப் பார்ப்பது முதல் சோதனை. ஒரு பகுதியை எடுத்துவிட்டால் வாக்கியம் நொண்டுகிறது என்றால், அல்லது வினையின் பொருளே மாறிவிடுகிறது என்றால், அது நிரப்பி. ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அது கூடுதல் தகவல். அடுத்தது புரட்டிப் பார்ப்பது: செயப்பாட்டுவினை ஆக்கும்போது அந்தப் பகுதி எழுவாய் இடத்துக்கு வர முடிந்தால் அது செயப்படுபொருள். மூன்றாவது 'இஸ்' வைத்துப் பார்ப்பது: அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே 'இஸ்' போட்டால் பொருள் கிடைக்கிறதா? கிடைத்தால் இரண்டாவது பகுதி முதலாவதைப் பற்றிச் சொல்கிறது.

அறிகுறி: தலைப்பில் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது

"மினிஸ்டர் டோல்ட் டு க்விட்" என்று ஒரு தலைப்பைப் பார்க்கிறீர்கள். அமைச்சர் சொன்னார் என்று தொடங்கினால், யாரிடம் சொன்னார், யார் விலக வேண்டும் என்று எதுவும் சேராது. அமைச்சர் சொல்லவில்லை. பதவி விலகும்படி அமைச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வழக்கங்கள் ஒன்றுசேர்வதால் வரும் குழப்பம் இது. ஆங்கிலத் தலைப்புகள் நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில்தான் சொல்லும். நிக்சன் தன் விலகலை முந்தின நாள் இரவே அறிவித்துவிட்டார், தலைப்போ 'ரிசைன்ஸ்' என்றுதான் வந்தது. இன்னொரு வழக்கம், 'இஸ்', 'வாஸ்', 'வேர்' போன்ற துணைவினைகளை விழுங்கிவிடுவது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: நடந்ததைச் சொல்ல நிகழ்காலம் இருக்கும்போது, இறந்தகாலம் போலத் தெரியும் வினை ஒன்று தலைப்பில் நின்றால் அது பெரும்பாலும் துணைவினையை இழந்த செயப்பாட்டுவினை.

அதனால் முதல் வேலை, அந்த வினைக்கு முன்னால் 'வாஸ்' அல்லது 'வேர்' வைத்துப் படிப்பது. "மினிஸ்டர் வாஸ் டோல்ட் டு க்விட்." அடுத்த வேலை, செய்வினையாக இருந்தபோது இந்த எழுவாய் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்பது. டெல் என்ற வினைக்கு இரண்டு இடங்கள் உண்டு, கேட்பவர் ஒன்று, சொல்லப்படும் விஷயம் இன்னொன்று. கேட்பவர் முன்னால் நகர்ந்து எழுவாய் ஆகிவிட்டார். விஷயம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"நர்சஸ் கிவன் பே ரைஸ்" என்பதும் அப்படியே. பெறுபவர் எழுவாய் ஆனார், ஊதிய உயர்வு செயப்படுபொருளாகவே தங்கிவிட்டது. தமிழில் சொல்லும்போது அந்த எழுவாயை நான்காம் வேற்றுமைக்குத் திருப்பிவிட்டால் போதும்: செவிலியர்களுக்கு ஊதிய உயர்வு.

தலைப்பில் வரும் எல்லாமே நிரப்பி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மேன் ஹெல்ட் ஓவர் ஃபயர்" என்ற தலைப்பில் யாரையும் நெருப்புக்கு மேலே தூக்கிப் பிடிக்கவில்லை. ஹெல்ட் என்றால் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஓவர் என்றால் தொடர்பாக. தீ விபத்து தொடர்பாக ஒருவர் பிடிபட்டிருக்கிறார். 'ஓவர் ஃபயர்' என்பதை நீக்கினாலும் "மேன் ஹெல்ட்" தனியாக நிற்கும். அது காரணம் சொல்லும் கூடுதல் தகவல்.

அறிகுறி: 'வாஸ்' வைத்துப் பார்த்தாகிவிட்டது, கடைசிச் சொல் ஒட்டாமல் தொங்குகிறது

இந்தச் சிக்கலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே கிடைத்திருக்கிறது. 2009-இல் ஜப்பானிலிருந்து வரும் ஓர் ஆங்கிலச் செய்தித் தளத்தில் "வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் க்ராஷ் ப்ளாசம்ஸ்" என்று ஒரு தலைப்பு வந்தது. இதைப் பார்த்த நாளிதழ்த் திருத்துநர்கள், க்ராஷ் ப்ளாசம்ஸ் என்றால் என்ன பூ என்று குழம்பினார்கள். அதுவே பிறகு இந்த மாதிரித் தலைப்புகளுக்குப் பொதுப் பெயராகிவிட்டது.

மேலே சொன்ன வழியில் 'வாஸ்' சேர்த்தால், வயலின் கலைஞர் ஏதோ விபத்துப் பூக்களோடு தொடர்புபடுத்தப்பட்டார் என்று வருகிறது. பொருளில்லை. அப்படி வந்தால் வலது கோடியிலிருந்து படியுங்கள். 'ப்ளாசம்ஸ்' பெயர்ச்சொல்லின் பன்மையாக இருக்கலாம், நிகழ்கால வினையாகவும் இருக்கலாம். வினையாக எடுத்துக்கொண்டால் அது செயப்படுபொருள் குன்றிய வினை, அதற்குப் பின்னால் எதுவும் தேவையில்லை. 'லிங்க்ட் டு ஜேஏஎல் க்ராஷ்' என்பது அந்தக் கலைஞரைப் பற்றிய அடைமொழி. 1985 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் 520 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் இந்தக் கலைஞரின் தந்தை. அந்தத் துயரத்தோடு தொடர்புள்ள கலைஞர் இன்று மலர்ந்து வருகிறார் என்பதே செய்தி.

"ஸ்குவாட் ஹெல்ப்ஸ் டாக் பைட் விக்டிம்" என்ற பழைய அமெரிக்கத் தலைப்பும் இதே ரகம், காரணம் மட்டும் வேறு. ஹெல்ப் என்ற வினை இரண்டு அமைப்புகளை ஏற்கும். யாருக்கு உதவி என்று ஒரு செயப்படுபொருளை மட்டும் எடுக்கலாம், அல்லது யார் என்ன செய்ய உதவி என்று ஆளையும் 'டு' இல்லாத வினையையும் எடுக்கலாம். முதல் அமைப்பில், நாய்க்கடிக்கு ஆளானவருக்குக் குழு உதவுகிறது. இரண்டாவது அமைப்பில், பாதிக்கப்பட்டவரைக் கடிக்க நாய்க்குக் குழு உதவுகிறது! மூன்று பெயர்ச்சொற்களை இணைப்பே இல்லாமல் அடுக்கும் தலைப்பு வழக்கம்தான் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒன்று சரிவராவிட்டால், அந்த வினை வேறு எந்த அமைப்பை ஏற்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது முயற்சியில் திறந்துவிடும்.

அறிகுறி: பாதி வாக்கியம் வரை நன்றாகப் போனது, நடுவில் இன்னொரு வினைமுற்று வந்து எல்லாவற்றையும் குலைத்துவிட்டது

"த மினிஸ்டர் அட்மிட்டட் த எரர் ஹாட் டிலேய்ட் த ரெஸ்க்யூ." அமைச்சர் தவறை ஒப்புக்கொண்டார் என்பது வரை மனம் ஓடிவிடுகிறது. பிறகு 'ஹாட் டிலேய்ட்' வருகிறது, அதற்கு எழுவாய் இல்லாததுபோலத் தோன்றுகிறது. எழுவாய் இருக்கிறது: நீங்கள் செயப்படுபொருள் என்று நினைத்த 'த எரர்'தான் அது. தவறு மீட்புப் பணியைத் தாமதப்படுத்தியது என்று அமைச்சர் ஒப்புக்கொண்டார்.

விழுந்திருப்பது 'தட்' என்ற இணைப்புச் சொல். எழுத்துத் தமிழில் 'என்று' இப்படி விழாது. அது கூற்றின் கடைசியில் நின்று எல்லையைக் காட்டிவிடும். 'தட்' நிற்பது கூற்றின் தொடக்கத்தில், அதை எடுத்துவிட்டால் கூற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் போய்விடுகிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த இடம் கூடுதலாக வழுக்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லா வினைகளிடமும் இந்த ஆபத்து கிடையாது. ஹோப் என்ற வினை நேரடியாகப் பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாக எடுக்காது, ஆகவே அதன்பின் 'தட்' இல்லாவிட்டாலும் குழப்பம் வராது. அட்மிட், பிலீவ், ஃபியர், கன்ஃபர்ம், ஃபைண்ட், அண்டர்ஸ்டாண்ட் இவையெல்லாம் பெயர்ச்சொல்லையும் எடுக்கும், முழு வாக்கியத்தையும் எடுக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டால் அடுத்த பெயர்ச்சொல்லைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது வினைமுற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதல் வினைக்கு அடுத்து 'தட்' போட்டு மறுபடி படியுங்கள்.

கிழமைப் பெயர் நடுவில் வரும்போது இன்னொரு சங்கடம். "த பிரசிடென்ட் செட் மண்டே ஹி ஹாட் சைன்ட் த பில்." சொன்னது திங்கட்கிழமையா, கையெழுத்திட்டது திங்கட்கிழமையா? அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு, வினைக்கும் கூற்றுக்கும் நடுவே இப்படிக் காலச்சொல் வந்தால் 'தட்' போடச் சொல்கிறது. நல்ல விதி. அதைப் பின்பற்றும் இதழில் 'மண்டே தட்' என்று இருந்தால் சொன்னதுதான் திங்கட்கிழமை.

இந்தக் கூற்று முழுவதும் இலக்கணப்படி என்ன? செயப்படுபொருள்தான். 'என்ன ஒப்புக்கொண்டார்' என்று கேட்டால் பதிலாக வருவது அது. ஆனால் செய்தி நடையில் ஒரு விசேஷம் உண்டு. இலக்கணத்தில் தலைமை வினை 'சொன்னார்' என்பது, செய்தியோ செயப்படுபொருளுக்குள் இருக்கிறது. அதனால் நிருபர்கள் செயப்படுபொருளை முன்னால் கொண்டுவந்து, சொன்னவரைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள்: "த ஃபயர் வாஸ் செட் டெலிபரேட்லி, இன்வெஸ்டிகேட்டர்ஸ் செட்." தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று புலனாய்வாளர்கள் கூறினர். இந்த வரிசை தமிழ்ச் செய்தி நடையோடு அப்படியே பொருந்தும். கவனம் தேவைப்படுவது அந்தக் கடைசி இரண்டு சொற்களில். அவற்றை விட்டுவிட்டால், ஒருவருடைய கூற்றை நடந்த உண்மையாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

சே, டெல் வேறுபாடு சுருக்கமாக: டெல் என்ற வினைக்குப் பின் யாரிடம் சொன்னார் என்று நேரே வர வேண்டும், சே என்பதற்குப் பின் அப்படி வராது. "டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ்" சரி, "செட் ரிப்போர்ட்டர்ஸ்" என்றால் நிருபர்களே சொன்னார்கள் என்று ஆகிவிடும். அஷ்யூர், இன்ஃபார்ம் போன்றவை டெல் பக்கம். எக்ஸ்பிளெயின் சே பக்கம், யாரிடம் விளக்கினார் என்று சொல்ல 'டு' வேண்டும்.

அறிகுறி: 'டு' வருகிறது, அந்த வேலையைச் செய்யப்போவது யார் என்று தெரியவில்லை

தலைப்புகளில் 'டு' நாலு வேலை பார்க்கிறது. தமிழ் விகுதிகளை வைத்துப் பிரித்தால் இது சட்டென்று பிடிபடும். என் அனுபவத்தில் இலக்கணச் சொற்களை வைத்து விளக்குவதைவிட இது வேகமான வழி.

"யூனியன்ஸ் டு ஸ்ட்ரைக்": 'டு'வுக்கு முன்னால் வேறு வினையே இல்லை. துணைவினை விழுந்துவிட்டது, மிச்சம் எதிர்காலம். சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்யவிருக்கின்றன. இது நிரப்பி அல்ல, இதுவே பயனிலை.

"பிஎம் வவ்ஸ் டு கட் டாக்ஸ்": வாக்களிப்பவரும் குறைக்கப்போகிறவரும் ஒருவரே. தமிழில் 'ஆக' வரும். வரியைக் குறைப்பதாகப் பிரதமர் உறுதி. பிளெட்ஜ், த்ரெட்டன், அக்ரீ, ஆஃபர் எல்லாம் இந்த வகை. 'டு கட் டாக்ஸ்' முழுவதும் வவ் என்ற வினையின் நிரப்பி.

"பிஎம் அர்ஜஸ் பேங்க்ஸ் டு கட் ரேட்ஸ்": நடுவில் ஓர் ஆள் வந்துவிட்டார், குறைக்க வேண்டியவர் அவர்தான். தமிழில் 'படி' அல்லது 'மாறு' வரும். வட்டியைக் குறைக்கும்படி வங்கிகளுக்குப் பிரதமர் வலியுறுத்தல். ஆர்டர், டெல், பெர்சுவேட், வார்ன், அலவ் இங்கே சேரும்.

நாலாவது, நோக்கம். "பேங்க் கட்ஸ் ஜாப்ஸ் டு சேவ் மனி." பணம் மிச்சம் பிடிப்பதற்காக. இதில் 'டு' பகுதியை நீக்கினாலும் "பேங்க் கட்ஸ் ஜாப்ஸ்" முழு வாக்கியமாகவே நிற்கும். ஆகவே நிரப்பி இல்லை. 'டு'வுக்கு முன்னால் 'இன் ஆர்டர்' சேர்த்துப் பாருங்கள், ஒட்டினால் நோக்கம்.

இரண்டு வினைகளில் மட்டும் எச்சரிக்கை. ப்ராமிஸ் என்ற வினைக்கு நடுவில் ஆள் வந்தாலும் செய்யப்போகிறவர் எழுவாய்தான்: "ப்ராமிஸ்ட் வோட்டர்ஸ் டு கட் டாக்ஸ்" என்றால் வரியைக் குறைப்பவர்கள் வாக்காளர்கள் அல்லர். ஆஸ்க் இரண்டு பக்கமும் போகும். "லாயர்ஸ் ஆஸ்க் டு சீ ஃபைல்ஸ்" என்றால் வழக்கறிஞர்கள் தாங்கள் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். "லாயர்ஸ் ஆஸ்க் போலீஸ் டு ரிலீஸ் ஃபைல்ஸ்" என்றால் வெளியிட வேண்டியது காவல் துறை.

அறிகுறி: 'இஸ் அலெஜ்ட் டு', 'இஸ் பிலீவ்ட் டு' வரும்போது பொருள் மங்கலாகிறது

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கு இங்கே வரும் பிழை இலக்கணப் பிழையோடு நிற்காது. ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிடும்.

"த டிரைவர் இஸ் பிலீவ்ட் டு ஹாவ் ஃப்ளெட்." இதை "த டிரைவர் வாஸ் டோல்ட் டு ஸ்டாப்" என்பதோடு ஒப்பிடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான். இரண்டாவதில் ஓட்டுநரிடம் உண்மையாகவே ஏதோ நடந்தது, அவரிடம் சொன்னார்கள். முதலாவதில் ஓட்டுநரிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. "இட் இஸ் பிலீவ்ட் தட் த டிரைவர் ஹாஸ் ஃப்ளெட்" என்ற வாக்கியத்தின் உள்ளேயிருந்த எழுவாயை வெளியே இழுத்துத் தலைமை எழுவாயாக வைத்திருக்கிறார்கள். அவர் பிலீவ் என்ற வினைக்குச் சொந்தமானவர் அல்லர், ஃப்ளெட் என்பதற்குத்தான் சொந்தம்.

எது எந்த வகை என்று பார்க்க 'தேர்' என்ற சொல்லை எழுவாய் இடத்தில் வையுங்கள். "தேர் ஆர் பிலீவ்ட் டு பி 12 பீப்பிள் இன்சைட்" என்பது இயல்பான ஆங்கிலம், நாளிதழிலும் வரும். "தேர் வேர் டோல்ட் டு பி" என்று யாரும் எழுத மாட்டார்கள். பிலீவ், அலெஜ், ரிப்போர்ட், தாட், அண்டர்ஸ்டூட், எக்ஸ்பெக்டட் முதல் வகை. சீம், அப்பியர், 'லைக்லி' ஆகியவையும் உள்ளிருந்து எழுவாயை இழுப்பவையே.

மொழிபெயர்க்கும்போது வெளியே இழுக்கப்பட்டதைத் திரும்ப உள்ளே வையுங்கள். ஓட்டுநர் தப்பியோடிவிட்டதாக நம்பப்படுகிறது. 'ஹாவ்' உடன் வந்தால் நடந்து முடிந்தது, 'பி' உடன் வந்தால் இப்போதைய நிலை. 'அலெஜ்ட் டு' வந்த இடத்தில் 'கூறப்படுகிறது' அல்லது 'குற்றம் சாட்டப்படுகிறது' கட்டாயம் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதை வெட்டினால், குற்றச்சாட்டு அச்சில் தீர்ப்பாகிவிடும். வேறு எங்கே வேண்டுமானாலும் சுருக்குங்கள், இங்கே வேண்டாம்.

அப்பியர் என்ற வினைக்கு மட்டும் நிரப்பியைப் பார்த்துத்தான் பொருளையே முடிவு செய்ய முடியும். "அப்பியர்ட் டு ஸ்மைல்" என்றால் சிரித்ததுபோல் தெரிந்தது. "அப்பியர்ட் காம்" என்றால் அமைதியாகத் தெரிந்தார். "அப்பியர்ட் இன் கோர்ட்" என்றால் நேரில் வந்தார்.

அறிகுறி: பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயரோ பெயரடையோ ஒட்டாமல் நிற்கிறது

'இஸ்' சோதனை இதற்கென்றே இருக்கிறது. "ஜூரி ஃபைண்ட்ஸ் டாக்டர் கில்டி": டாக்டர் இஸ் கில்டி. பொருள் வருகிறது, ஆகவே கில்டி என்பது செயப்படுபொருளைப் பற்றிய நிரப்பி. "போர்டு கிவ்ஸ் டாக்டர் அவார்ட்": டாக்டர் இஸ் அவார்ட் என்று வராது. ஆகவே இரண்டு செயப்படுபொருள்கள்.

1979 மே மாதம் ராணி எலிசபெத், தாட்சரைப் பிரதமராக நியமித்தார். ஆங்கிலத்தில் இது "த குயீன் அப்பாயின்டட் தாட்சர் பிரைம் மினிஸ்டர்". பதவிப் பெயருக்கு முன்னால் 'த' இல்லாததே ஒரு துப்பு. செயப்பாட்டுவினையாக்கினால் "தாட்சர் வாஸ் அப்பாயின்டட் பிரைம் மினிஸ்டர்", அதாவது செயப்படுபொருள் நிரப்பியாக இருந்தது இப்போது எழுவாய் நிரப்பி ஆகிறது. தமிழில் இரண்டு இடத்திலும் 'ஆக' என்ற விகுதியே வேலையை முடித்துவிடும். காற்புள்ளி வந்தால் மட்டும் கதை வேறு: "எலெக்டட் ஹர் லீடர், எ ஃபார்மர் டீச்சர்" என்ற இடத்தில் காற்புள்ளிக்குப் பின் வருவது அவரைப் பற்றிய விவரம், தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி அல்ல.

அறிகுறி: நீதிமன்றச் செய்தியில் முன்னிடைச் சொற்கள் அகராதிப் பொருளில் அடங்கவில்லை

சில வினைகள் குறிப்பிட்ட ஒரு முன்னிடைச் சொல்லையே கேட்கும். அக்யூஸ் என்றால் 'ஆஃப்', சார்ஜ் என்றால் 'வித்', பிளேம் என்றால் 'ஃபார்'. "சார்ஜ்ட் வித் மர்டர்" என்பதில் 'வித்' என்பதற்கு 'உடன்' என்று பொருள் தேடக் கூடாது, அது வினையின் ஒரு பகுதி போல. அக்யூஸ் யார் வேண்டுமானாலும் செய்யலாம். காவல் துறையும் அரசுத் தரப்பும் முறைப்படிக் குற்றம் பதிவு செய்வதுதான் சார்ஜ். க்ளியர், அக்விட், ஸ்ட்ரிப் ஆகிய விடுவிக்கும், பறிக்கும் வினைகள் 'ஆஃப்' எடுக்கும் என்று கூட்டமாக நினைவில் வைக்கலாம்.

"ஜெயில்ட் ஃபார் லைஃப் ஃபார் மர்டர்" என்று இரண்டு 'ஃபார்' வந்தால் முதலாவது எவ்வளவு காலம், அடுத்தது எதற்காக. இரண்டும் நீக்கக்கூடியவை.

டினை என்ற வினையில் ஒரு தமிழ்ச் சறுக்கல். "டினைட் டேக்கிங் த மனி" என்பதைப் 'பணம் வாங்கவில்லை என்று மறுத்தார்' என எழுதுகிறார்கள். மறுத்தல் என்ற வினைக்குள்ளேயே இல்லை என்பது இருக்கிறது. பணம் வாங்கியதை மறுத்தார் என்பதே சரி. அட்மிட், டினை, அவாய்ட் ஆகியவை 'இங்' வடிவத்தைக் கேட்கும். ரெஃப்யூஸ் 'டு' கேட்கும், அதற்குச் செய்ய மறுத்தார் என்று பொருள். பிரிட்டிஷ் நீதிமன்றச் செய்திகளின் கடைசியில் "ஹி டினைஸ் மர்டர்" என்று நிகழ்காலத்தில் வரும் வரிக்கு, கொலைக் குற்றத்தை அவர் ஏற்கவில்லை, வழக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: வணிகப் பக்கத்தில் எண்கள் செயப்படுபொருள் மாதிரி நிற்கின்றன

"ஷேர்ஸ் ஃபெல் 3 பெர்சென்ட் டு 90 டாலர்ஸ்." புரட்டிப் பாருங்கள்: 3 சதவீதம் பங்குகளால் விழப்பட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. 3 பெர்சென்ட் செயப்படுபொருள் அல்ல, அளவு. 'பை' வந்தாலும் வராவிட்டாலும் அளவுதான், 'டு' வந்தால் மட்டும் போய் நின்ற இடம். இதைக் குழப்பினால் 3 சதவீதம் சரிந்தது, 3 சதவீதமாகச் சரிந்தது என்று இரண்டு வெவ்வேறு செய்திகள் ஆகிவிடும்.

"டாக்ஸ் லாஸ்டட் த்ரீ அவர்ஸ்" என்பதிலும் புரட்டல் நடக்காது, ஆனால் 'த்ரீ அவர்ஸ்' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும். நீக்க முடியாத அளவு அது. "போலீஸ் புட் த டெத் டோல் அட் 12" என்பதில் புட் மூன்றைக் கேட்கிறது: சொல்பவர், சொல்லப்படும் பொருள், வைக்கும் இடம். இங்கே இடம் ஓர் எண். இறந்தவர்கள் 12 பேர் என்று காவல் துறை கணக்கிட்டிருக்கிறது.

அறிகுறி: ஒரே வினை, ஒரு நாளிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி

பிழை என்று ஒதுக்கும் முன், நாளிதழ் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அமெரிக்க இதழில் "அப்பீல் த வெர்டிக்ட்", "புரொட்டெஸ்ட் த டிசிஷன்" என்று நேரடிச் செயப்படுபொருள் வரும். பிரிட்டிஷ் இதழில் இரண்டுக்கும் நடுவே 'அகெய்ன்ஸ்ட்' வேண்டும். அக்ரீ என்பதில் நேர்மாறு: "மினிஸ்டர்ஸ் அக்ரீ டீல்" என்று பிரிட்டனில் போடுவார்கள், அமெரிக்கர் 'ஆன்' அல்லது 'டு' சேர்ப்பார்கள். தலைப்பு மொழியும் சில வினைகளை இப்படி மாற்றும். மல் (யோசிப்பது) என்ற வினை உரைநடையில் 'ஓவர்' எடுக்கும், தலைப்பில் "மல்ஸ் டாக்ஸ் கட்" என்று நேரே செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்கஸ் மட்டும் இரண்டு நாட்டிலும் நேரடிச் செயப்படுபொருள்தான் எடுக்கும், 'அபௌட்' சேராது.

எதிலும் அடங்கவில்லை என்றால்

கற்போருக்கான ஆங்கில அகராதியைத் திறங்கள், சாதாரண அகராதி போதாது. ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்டு, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி அச்சிட்ட அகராதியே, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்புகளை எடுக்கும் என்று காட்டியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது மாணவர்களுக்கு எங்கே தடுக்குகிறது என்று நேரில் பார்த்த ஆசிரியர் அவர். அந்த வரிசையில் வந்த அகராதிகளில் இன்றும் பொருளுக்குப் பக்கத்திலேயே அந்த அமைப்பு அச்சாகியிருக்கும்: யாரையாவது, எதையாவது, 'தட்' கூற்று, 'டு' வினை, 'இங்' வடிவம் என்று. பொருளைப் படிக்கும் முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் வாக்கியத்தில் வினைக்குப் பின்னால் இருப்பவற்றை அதோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். எந்தக் குறிப்பு பொருந்துகிறதோ அதற்கு எதிரே இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.